பிரசவ வலிக்கு மனதைப் பழக்குவது எப்படி: ஹிப்னாஸிஸ் பயிற்சி, முதல் நாளிலிருந்து

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் நம் வீடுகளில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "ஊர் உலகத்தில் யாரும் பெறாத பிள்ளையா?" என்று ஒரு கூட்டம். "நான் செத்துப் பிழைத்தேன்" என்று வளைகாப்பு அன்றே கதையை ஆரம்பித்துவிடும் இன்னொரு கூட்டம். வலி எடுக்கும்போது மூச்சை எப்படி விடுவது, உடம்பை எப்படி வைத்துக்கொள்வது, மனதை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஹிப்னாஸிஸ் பயிற்சி சொல்லித் தருவது இதைத்தான். கடைசி மூன்று மாதங்களில் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால், பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே பழகலாம்.

மேடையில் ஒருவரைத் தூங்க வைத்துக் கோழிபோல் கூவ வைக்கும் வேடிக்கையை மறந்துவிடுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ நினைவில் ஆழ்ந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? சத்தங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தும் கவனம் வேறெங்கோ ஒன்றியிருந்ததே, ஏறத்தாழ அந்த நிலைதான் இது. நீங்கள் தூங்குவதில்லை. யாருடைய பிடிக்குள்ளும் போவதில்லை. எந்த நொடியிலும் கண்ணைத் திறந்து எழுந்து பேசலாம்.

இது நேற்று வந்த மோஸ்தரும் அல்ல. மயக்க மருந்து புழக்கத்துக்கு வரும் முன்பே, 1845-இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஹிப்னாஸிஸின் முன்னோடியான மெஸ்மரிஸத்தைக் கொண்டு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிரசவத்துக்கான பாதையைப் போட்டவர் ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மறுபடி பயத்தை வளர்க்கிறது என்று 1930-களிலேயே அவர் எழுதினார். அமெரிக்காவில் மேரி மோங்கன் 1989-இல் இதை ஒரு வகுப்பாக அமைத்து ஹிப்னோபர்த்திங் என்று பெயரிட்டார். இன்று நம் ஊர்ப் பெருநகரங்களில் நடக்கும் வகுப்புகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

எவ்வளவு பயன் தரும்?

பணம் கட்டும் முன் இந்தப் பகுதியைப் படியுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பு, ஒன்பது ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 3,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஹிப்னாஸிஸ் பழகியவர்கள் ஒட்டுமொத்தமாக வலி மருந்தைச் சற்றுக் குறைவாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று கண்டது. ஆனால் முதுகில் போடும் எபிடூரல் ஊசியின் தேவை குறையவில்லை. சுகப்பிரசவங்களின் விகிதத்திலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 680 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் எபிடூரல் போட்டுக்கொண்டவர்களின் அளவில் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி பெற்ற பெண்கள், தாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பயமோ பதற்றமோ வரவில்லை என்று பிரசவம் முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்கள்.

எனக்கு அந்தக் கடைசி வரி போதும். பயம் குறைவது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், "வலியே தெரியாது, சிசேரியனே வராது" என்று எவராவது உறுதி கொடுத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஓர் உறுதியை யாராலும் கொடுக்க முடியாது.

தொடங்கும் முன்

உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்க மாட்டார்கள். வலிப்பு நோய், மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் இருந்தாலோ, முன்பு பாலியல் வன்முறைக்கோ மிக மோசமான பிரசவ அனுபவத்துக்கோ ஆளாகியிருந்தாலோ வீட்டில் தனியாகப் பழக வேண்டாம். மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். கண்ணை மூடி உள்ளே போகும்போது பழைய காயங்கள் திடீரென மேலே வரக்கூடும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது என்று ஏதேனும் சிக்கல் இருந்தாலும் மனப்பயிற்சிக்குத் தடை இல்லை. ஆனால் அது சிகிச்சைக்கு மாற்றாகாது. மாத்திரை, ஸ்கேன், பரிசோதனை எதையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

ஏழாவது மாதம் தொடங்கியதும், அதாவது 28-ஆவது வாரம் வாக்கில் ஆரம்பிப்பது நல்லது. ஒன்பதாவது மாதத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் கவலை வேண்டாம், மூச்சுப் பயிற்சியையும் தளர்வையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு புதிதாகக் கற்கத்தான் முடியாது.

பயத்தை எழுதுங்கள்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. நிதானமாகச் செய்யுங்கள். ஒரு நோட்டில், பிரசவம் என்றதும் மனதில் வரும் பயங்களை ஒன்று விடாமல் எழுதுங்கள். யாரும் படிக்கப் போவதில்லை. 'கத்திவிடுவேனோ', 'எல்லார் முன்னாலும் துணி விலகுமே', 'நர்ஸ் திட்டுவாரோ', 'தையல் போடுவார்களாமே', 'மலம் வந்துவிட்டால்', 'குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்', 'அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடந்தால்'. இவை எதுவும் அற்பமான பயம் இல்லை.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பிரியுங்கள். சிலவற்றுக்குத் தகவல் போதும். தையல் போடும் முன் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். முக்கும்போது சிறிது மலம் வெளியேறுவது சாதாரணம், செவிலியர் அதைத் தினமும் பார்க்கிறார். சிலவற்றை மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கும், அவற்றை அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போங்கள். அக்காவின் அனுபவம் போன்றவை அக்காவுடையவை. அவர் உடம்பு வேறு, அந்தக் குழந்தை இருந்த நிலை வேறு. எஞ்சி நிற்பவைதான் பயிற்சியில் கரைக்க வேண்டியவை.

இன்னொன்று. கதை சொல்ல வருபவர்களை மரியாதையாக நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். "அத்தை, குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து கேட்கிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூச்சு

மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளே இழுங்கள். உதட்டை லேசாகத் திறந்து, ஆறு அல்லது எட்டு எண்ணும்வரை வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதே முக்கியம். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினாலோ விரல் நுனி குறுகுறுத்தாலோ வேகமாக விடுகிறீர்கள் என்று பொருள், சாதாரண மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

பழகியது உடம்பில் ஏறிவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஐஸ் கட்டி. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, கடிகாரத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். முதல்முறை எதுவும் செய்யாமல் வெறுமனே பிடியுங்கள். இருபது நொடிக்குள் தோள் காது வரை ஏறியிருக்கும், பற்கள் கடித்துக்கொண்டிருக்கும், எப்போது முடியும் என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கையைத் துடைத்துச் சிறிது நேரம் விட்டு, இன்னொரு கையில் வையுங்கள். இந்த முறை தாடையைத் தொங்கவிட்டு, தோளை இறக்கி, நீளமாக வெளிமூச்சு விடுங்கள். குளிர் அதே குளிர்தான். அதோடு சண்டை போடுவது மட்டும் நின்றிருக்கும். பிரசவத்தில் ஒரு வலி பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் நீடிக்கும், அதனால்தான் இந்த ஒரு நிமிடக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கணவரையும் பிடிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் புரியும்.

ஆழ்ந்த தளர்வு: வீட்டில் பதிவு செய்ய ஓர் உரை

காசு கொடுத்து வாங்கும் ஆங்கிலப் பதிவுகளைவிட, உங்கள் வீட்டுக் குரலில் தமிழில் பதிவு செய்வதே மனதுக்கு அதிகம் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். கணவரோ, அம்மாவோ, அக்காவோ செல்போனில் பதிவு செய்யலாம். கீழே இருப்பது எலும்புக்கூடு மட்டுமே, உங்கள் வீட்டுப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள். வேகம் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின் ஒரு முழு மூச்சுக்கு இடம் விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கேட்கும்போது இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது நல்லது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், பாதியில் எழ வேண்டியிருக்காது.

"கண்களை மெதுவாக மூடிக்கொள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனி. நெற்றி தளர்கிறது. புருவங்களுக்கு நடுவில் இருந்த சுருக்கம் விரிகிறது. தாடை தளர்கிறது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் விலகி இருக்கின்றன. தோள்கள் இறங்குகின்றன. கைகள் கனமாகின்றன. இடுப்பு, தொடை, பாதம் எல்லாம் படுக்கையில் அமிழ்கின்றன.

"இப்போது ஆற்றங்கரைப் படித்துறையின் மேல்படியில் நிற்கிறாய். பத்துப் படிகள். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒரு படி இறங்குகிறாய். பத்து. ஒன்பது. எட்டு, கல் குளிர்ந்திருக்கிறது. ஏழு. ஆறு, மேலே இருக்கும் சத்தமெல்லாம் தூரமாகிறது. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று, தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறது. இங்கே உட்கார்ந்துகொள். இங்கே உனக்கு எந்த வேலையும் இல்லை.

"வயிறு இறுகும் ஒவ்வொரு முறையும் உன் தாடையும் தோளும் தளர்கின்றன. இறுக்கம் ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, இறங்கிவிடுகிறது. இறங்கியதும் முழு ஓய்வு. உன் கர்ப்பப்பைக்கு அதன் வேலை தெரியும். சுற்றிலும் எந்தச் சத்தம் கேட்டாலும் அது உனக்கு மூச்சை நினைவூட்டுகிறது. எந்த முடிவு எடுக்க வேண்டி வந்தாலும் நிதானமாகக் கேட்டு முடிவெடுப்பாய்."

எழுப்பும் பகுதியை விட்டுவிடாதீர்கள்: "ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுகிறேன். ஐந்து என்றதும் தெளிவோடு கண்ணைத் திற."

தண்ணீரென்றால் பயம் உள்ளவர்களுக்குப் படித்துறை ஆகாது. அவர்கள் பாட்டி வீட்டுத் திண்ணையையோ, கோயில் வெளிப்பிராகாரத்தையோ வைத்துக்கொள்ளலாம். இடம் உங்களுக்குத் தெரிந்த, பாதுகாப்பாகத் தோன்றும் இடமாக இருக்க வேண்டும். உரையில் "வலிக்காது" என்று எங்கும் எழுதாதீர்கள். வலி வந்துவிட்டால் உரையின் மீதே நம்பிக்கை போய்விடும். தினமும் ஒருமுறை, இருபது நிமிடம் போதும். நடுவில் தூங்கிவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். வண்டி ஓட்டும்போதும் அடுப்பு எரியும்போதும் மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்றைச் சேர்க்கலாம். கீழ்ப்படியில் அமர்ந்ததும் வலக்கையைக் குளிர்ந்த நீரில் விட்டிருப்பதாக நினையுங்கள். விரல்கள் மரத்துப்போகின்றன, பிறகு மணிக்கட்டு வரை. அந்தக் கையை அடிவயிற்றில் வைத்து, மரத்த உணர்வு அங்கே பரவுவதாக உணருங்கள். சிலருக்கு இது வியப்பூட்டும் அளவுக்குப் பலிக்கும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. ஹிப்னாஸிஸில் ஆழும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மூச்சே போதுமானது.

துணைக்கு வருபவரைப் பழக்குதல்

உங்களுக்கு எவ்வளவு பயிற்சியோ, அதில் பாதியாவது துணைக்கும் வேண்டும். அவர் மூன்று காரியம் கற்றால் போதும். உங்கள் தோளில் கை வைத்து மெல்லக் கீழே அழுத்துவது முதலாவது. தினமும் படித்துறையின் கடைசிப் படி வரும்போது இதைச் செய்யச் சொல்லுங்கள், நாளடைவில் அந்தத் தொடுகையே உடம்பைத் தளர்த்தத் தொடங்கும். இரண்டாவது, சின்னச் சொற்கள்: "தாடையை விடு", "மூச்சை விடு", "முடிந்துகொண்டிருக்கிறது". நீண்ட அறிவுரை அப்போது காதில் ஏறாது. மூன்றாவது, வாயை மூடிக்கொண்டு கூட இருப்பது. பலருக்கும் கடினமானது இதுதான்.

யார் உள்ளே வரலாம் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு மத்திய அரசு 2016-இல் அனுமதி தந்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் வந்த லக்ஷ்யா திட்டமும் இதை வலியுறுத்துகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண் உறவினரையே விடுவார்கள். கணவரை விடாத மருத்துவமனை என்றால் அம்மாவையோ அக்காவையோ இப்போதே பழக்குங்கள். பிரசவ அறைக்குள் செல்போனும் காதில் மாட்டும் ஒலிப்பானும் கொண்டுபோகலாமா, நடமாடவும் உட்காரவும் விடுவார்களா, எபிடூரல் வசதி உண்டா என்பவையும் அதே நாளில் கேட்க வேண்டியவை. செல்போன் கூடாது என்றாலும் கலங்க வேண்டாம். அந்நேரம் உரை மனப்பாடம் ஆகியிருக்கும்.

வலி எடுத்த நாளில்

தொடக்கத்தில் வலி விட்டு விட்டு வரும். இந்தக் கட்டம் முதல் பிரசவத்தில் பல மணி நேரம் இழுக்கும். இப்போதே முழுப் பயிற்சியையும் செலவழித்துவிடாதீர்கள். கஞ்சி, இட்லி என்று லேசாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், முடிந்தால் தூங்குங்கள். ஒருமுறை பதிவைக் கேளுங்கள். பேசிக்கொண்டே கடக்க முடிகிற வலிக்கு மூச்சுப் பயிற்சி தேவையில்லை. பேச்சு நின்றுபோகிற வலியிலிருந்து தொடங்குங்கள்.

எப்போது கிளம்புவது என்பதை உங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது தலைப்பிரசவத்துக்குப் பொதுவான கணக்கு. இரண்டாவது குழந்தை என்றாலோ, மருத்துவமனை தூரம் என்றாலோ முன்னதாகவே போக வேண்டும்.

சில அறிகுறிகளில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது (நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்), குழந்தையின் அசைவு குறைவது, இடைவெளியே இல்லாமல் தொடரும் வயிற்று வலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், காய்ச்சல், வலிப்பு, 37 வாரத்துக்கு முன்பே எடுக்கும் வலி: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108.

சேர்ந்ததும் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "சிஸ்டர், நான் அமைதியாக இருக்கப் பழகியிருக்கிறேன். சத்தம் போடவில்லை என்பதால் வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்." இது மிக முக்கியம். கத்தாத பெண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தீவிரக் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வரையறுத்தது. முதல் பிரசவத்தில் இது வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டாது என்றும் சொல்கிறது. இங்கேதான் பயிற்சி முழுதாக உதவும். வலி தொடங்கும்போதே ஒரு நீள வெளிமூச்சு, உச்சியில் தாடையும் உள்ளங்கையும் திறந்தே இருக்கட்டும், இறங்கியதும் படித்துறைக்குப் போய்விடுங்கள். இடைவெளிகளில் அடுத்த வலியை எதிர்பார்த்து இறுகிக் கிடப்பதுதான் பெண்களை அதிகம் களைக்க வைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் யாராவது அலறினால் அதையும் மூச்சுக்கான நினைவூட்டலாக்குங்கள். உள் பரிசோதனை செய்யும்போது பாதங்களைத் தளர்த்தி நீளமாக மூச்சு விட்டால் அசௌகரியம் குறையும்.

கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன், உடம்பு நடுங்கும், வாந்தி வரும், "என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லத் தோன்றும். பயிற்சி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரசவம் நெருங்கிவிட்டது என்பதன் அடையாளம் இது. துணைக்கு வந்தவர் இந்த இடத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு மூச்சாகக் கூடவே விட வேண்டும்.

முக்கும் உந்துதல் வந்ததும் படித்துறையிலிருந்து எழுந்து வாருங்கள். இது தளர்ந்து கிடக்கும் நேரம் அல்ல. மருத்துவரும் செவிலியரும் சொல்வதைக் கேளுங்கள். தலை வெளிவரும்போது "முக்க வேண்டாம்" என்பார்கள், அப்போது வாயைத் திறந்து சின்னச் சின்னதாக மூச்சு விட்டால் தலை மெதுவாக வரும், கிழிவது குறையும்.

திட்டம் மாறினால்

ட்ரிப் ஏற்றி வலியைத் தூண்டினால் வலிகள் நெருக்கமாகவும் வலுவாகவும் வரக்கூடும். இடைவெளி சிறியது என்பதால் படித்துறையின் கடைசி மூன்று படிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எபிடூரல் வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். அது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஏதுமில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே சிசேரியன் என்றால், கையெழுத்துப் போடும்போதும் அந்த நீள வெளிமூச்சு இருக்கட்டும். முதுகில் ஊசி போடும்போது அசையாமல் வளைந்து உட்கார வேண்டியிருக்கும், தோளைத் தளர்த்தப் பழகியவர்களுக்கு அது எளிது. அறுவை அரங்கின் விளக்குகளுக்குக் கீழே படுத்திருக்கையில் கண்ணை மூடிப் பத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம். எந்த வழியில் குழந்தை வந்தாலும் நீங்கள் பழகிய அமைதி உங்களுக்குப் பயன்பட்டிருக்கும். இயற்கையாகப் பெறவில்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், அந்த உச்சுக்கொட்டலுக்கு உங்கள் நோட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

நஞ்சுக்கொடி வரும்வரை, தையல் முடியும்வரை மூச்சைத் தொடருங்கள். வீடு திரும்பிய பின் தையல் வலிக்கும், முதல் நாட்களில் பால் கட்டி மார்பு கனக்கும். பால் கொடுக்க உட்காரும்போது அதே பதிவின் முதல் பகுதியைக் கேட்கலாம். அழுகையோ, சோர்வோ, குழந்தை மீது ஒட்டாத மனமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிரசவ அறைக் காட்சிகள் தூக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால், பதிவைக் கேட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.